குழந்தை நலச் செவிலியல் ஆய்விதழ்கள்

குழந்தை நலச் செவிலியல் ஆய்விதழ் என்பது, குழந்தைகளைப் பேணும் செவிலியர்கள் தம் பணியிலிருந்து எழும் கேள்விகளை ஆராய்ந்து, அவற்றின் முடிவுகளைத் துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்குப் பின் வெளியிடும் பருவ இதழ் ஆகும். பச்சிளங்குழந்தை முதல் பதின்ம வயதினர் வரையிலானோரின் பராமரிப்பு, வலி, உணவூட்டல், மருத்துவமனை அச்சம், பெற்றோரின் பங்கு, நாட்பட்ட நோய்களுடன் வாழ்தல் ஆகியன இவ்விதழ்களின் முதன்மைப் பொருள்கள் ஆகும்.

செவிலியர்களுக்கான பொது இதழ்கள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோன்றின. எனினும், குழந்தைகளுக்கென்று தனிச் செவிலியல் ஆய்விதழ்கள் 1970 களில்தான் தொடங்கப்பட்டன. இத்துறையின் முதன்மை இதழ்களுள் ஒன்றான ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக் நர்சிங் 1986 இல் வெளிவரத் தொடங்கியது. இன்று மருத்துவமனைகளில் குழந்தையின் வலியை அளக்கப் பயன்படும் அளவுகோல்களுள் சில முதன்முதலில் இத்தகைய இதழ்களிலேயே வெளியாயின.

இந்தியாவில் செவிலியர் இதழ் வெளியீடு 1910 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் முதுநிலைச் செவிலியல் மாணவர்கள் ஆண்டுதோறும் குழந்தை நலம் குறித்த ஆய்வேடுகளை எழுதி வருகின்றனர். ஆனால் ஆய்வேடு ஒன்று எழுதப்படுவதற்கும் அது ஆய்விதழில் வெளிவந்து பிற செவிலியர்களின் கைக்குச் சேர்வதற்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளது.

பெயரும் வரையறையும்

குழந்தை மருத்துவ இதழும் குழந்தை நலச் செவிலியல் இதழும் வெவ்வேறானவை. குழந்தை மருத்துவ இதழ் பெரும்பாலும் நோயைக் கண்டறிதல், மருந்து, அறுவை ஆகியவற்றைப் பற்றியது. செவிலியல் இதழ் பராமரிப்பைப் பற்றியது. எடுத்துக்காட்டாக, நிமோனியாவுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லியை எத்தனை நாள் தர வேண்டும் என்பது மருத்துவ இதழின் கேள்வி. அந்த மருந்தை நரம்பு வழியே ஏற்றுவதற்காக ஊசி குத்தும்போது குழந்தை படும் வலியை எவ்வாறு குறைப்பது, அந்நேரத்தில் தாய் உடனிருந்தால் குழந்தை அமைதியடைகிறதா, வீடு திரும்பிய பின் மருந்தைத் தொடர்ந்து கொடுக்கத் தாய்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பன செவிலியல் இதழின் கேள்விகள்.

ஆய்விதழ், செய்தி இதழ் ஆகியவற்றுக்கு இடையிலும் வேறுபாடு உண்டு. சங்கச் செய்திகள், நியமன அறிவிப்புகள், அனுபவக் கட்டுரைகள் ஆகியவற்றை வெளியிடுவது தொழில்சார் இதழ். ஆய்வு முறை, தரவு, புள்ளியியல் பகுப்பாய்வு ஆகியவற்றைக் கொண்ட கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி வெளியிடுவது ஆய்விதழ். பல செவிலியர் இதழ்கள் முதலில் தொழில்சார் இதழாகத் தொடங்கிப் பின்னர் ஆய்விதழாக வளர்ந்தன.

பின்னணி

பொதுச் செவிலியர் இதழ்கள்

அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் நர்சிங் என்னும் இதழ் 1900 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆசிரியர் சோபியா பால்மர் என்பவர் ஆவார். செவிலியரே நடத்தி, செவிலியரே எழுதிய இதழாக இது விளங்கியது. எனினும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மட்டுமே உரிய நர்சிங் ரிசர்ச் இதழ் வெளிவர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இது 1952 இல் தொடங்கப்பட்டது. செவிலியர் கல்வி மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு நகர்ந்து, முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகள் ஏற்பட்ட பிறகே ஆய்வு செய்யக்கூடிய செவிலியர்கள் போதிய எண்ணிக்கையில் உருவாயினர் என்பது இத்தாமதத்துக்கு முதன்மைக் காரணம் ஆகும்.

மருத்துவமனையில் குழந்தை

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியா உள்ளிட்ட பல நாடுகளின் மருத்துவமனைகளில், அனுமதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. தொற்றுநோய் பரவும் என்ற அச்சமும், பெற்றோர் வந்து சென்ற பின் குழந்தை அழுவதால் வார்டின் ஒழுங்கு கெடுகிறது என்ற எண்ணமும் இதற்குக் காரணங்களாக இருந்தன.

இலண்டனில் உள்ள டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம் பிடித்து 1952 இல் திரையிட்டார். அழுகையை நிறுத்திவிட்ட குழந்தை நலமடைந்துவிட்டதாகப் பொருளில்லை, அது நம்பிக்கை இழந்திருக்கலாம் என்பதை அப்படம் காட்டியது. மருத்துவமனையில் உள்ள குழந்தைகளின் நலன் குறித்து ஆராய அமைக்கப்பட்ட பிளாட் குழு 1959 இல் அறிக்கை அளித்து, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இம்மாற்றம் செவிலியர்களுக்குப் புதிய கேள்விகளை எழுப்பியது. பெற்றோர் உடனிருக்கும் வார்டில் செவிலியரின் பணி என்ன? எந்த வேலையைத் தாய் செய்யலாம்? குழந்தையின் அச்சத்தை எவ்வாறு அறிவது? இக்கேள்விகளுக்கு மருத்துவ இதழ்களில் விடை இல்லை. அவற்றை ஆராய்ந்து எழுதுவதற்குத் தனி இதழ்கள் தேவைப்பட்டன.

தனி இதழ்களின் தோற்றம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்து 1972 இல் மெட்டர்னல்-சைல்ட் நர்சிங் ஜர்னல் வெளிவரத் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய செவிலியல் பேராசிரியர்களான ரீவா ரூபின், ஃபுளோரன்ஸ் எரிக்சன் ஆகியோர் இதனைத் தொடங்கினர். எரிக்சன், மருத்துவமனையில் உள்ள நான்கு வயதுக் குழந்தைகளுடன் விளையாட்டின் வழியே உரையாடி அவர்களின் அச்சங்களை ஆராய்ந்தவர் ஆவார்.

1975 இல் பீடியாட்ரிக் நர்சிங் இதழும், 1976 இல் இஷ்யூஸ் இன் காம்ப்ரிஹென்சிவ் பீடியாட்ரிக் நர்சிங் இதழும் தோன்றின. இவற்றுள் பின்னது 2016 இல் காம்ப்ரிஹென்சிவ் சைல்ட் அண்ட் அடோலசண்ட் நர்சிங் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

1986 இல் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக் நர்சிங் தொடங்கப்பட்டது. இதன் நிறுவன ஆசிரியர் செசிலி பெட்ஸ் என்பவர். ஒரே ஆசிரியரின் பொறுப்பில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நடந்தது இவ்விதழின் சிறப்பு ஆகும். குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான செவிலியப் பராமரிப்பு என்பது இதன் துணைத்தலைப்பு. குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்ற நிலைப்பாட்டை இத்துணைத்தலைப்பு வெளிப்படுத்துகிறது. இவ்விதழ் ஆண்டுக்கு ஆறு முறை வெளிவருகிறது. தற்போது இதனை எல்செவியர் நிறுவனம் வெளியிடுகிறது. 1990 இல் அமைக்கப்பட்ட அமெரிக்கக் குழந்தை நலச் செவிலியர் சங்கத்தின் அதிகாரபூர்வ இதழாகவும் இது பிற்காலத்தில் ஆயிற்று.

இதழ்களால் விளைந்த மாற்றம்: குழந்தையின் வலி

ஆய்விதழ்கள் நடைமுறையை எவ்வாறு மாற்றின என்பதற்குக் குழந்தைகளின் வலி குறித்த ஆய்வுகள் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும். சிறு குழந்தைகள் பெரியவர்களைப் போல வலியை உணர்வதில்லை, உணர்ந்தாலும் நினைவில் வைத்திருப்பதில்லை என்ற கருத்து 1980 கள் வரை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. வலிநீக்கி மருந்தால் மூச்சுத் தடைபடும் என்ற அச்சமும் இருந்தது.

எலண்டின் ஆய்வு

ஜோன் எலண்ட் என்னும் செவிலியர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1974 இல் தம் முதுநிலை ஆய்வேட்டைக் குழந்தைகளின் வலி குறித்து எழுதினார். பின்னர் ஜேன் ஆண்டர்சனுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1977 இல் செவிலியர்களுக்கான நூல் ஒன்றில் வெளிவந்தது. அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 4 முதல் 8 வயது வரையிலான 25 குழந்தைகளின் மருத்துவப் பதிவேடுகளை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். அவர்களுள் 13 குழந்தைகளுக்கு மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதும் ஒரு முறைகூட வலிநீக்கி தரப்படவில்லை. எஞ்சிய 12 குழந்தைகளுக்கும் சேர்த்து மொத்தம் 24 முறை மட்டுமே தரப்பட்டிருந்தது. இதே நோய்களுக்குச் சிகிச்சை பெற்ற 18 பெரியவர்களுக்கு 671 முறை வலிநீக்கி தரப்பட்டிருந்தது.

இவ்வாய்வுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே வார்டில் இருந்த பதிவேடுகளே தரவாயின. அச்சில் வெளிவந்ததால் அந்த எண்கள் பிற ஆய்வாளர்களால் தொடர்ந்து மேற்கோள் காட்டப்பட்டன. குழந்தைகளின் வலி குறித்த செவிலியல் ஆய்வுகளுக்கு இது ஒரு தொடக்கப்புள்ளி ஆயிற்று.

முக அளவுகோல்

வலியைக் குறைப்பதற்கு முன் அதனை அளக்க வேண்டும். ஆனால் சிறு குழந்தையால் எண்களைக் கொண்டு வலியைக் கூற இயலாது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகர மருத்துவமனையில் தீக்காயமுற்ற குழந்தைகளிடையே பணிபுரிந்த செவிலியர் டோனா வாங், குழந்தை நலப் பணியாளர் கோனி பேக்கர் ஆகியோர் 1980 களின் தொடக்கத்தில் ஆறு முகங்களைக் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். சிரிக்கும் முகம் வலி இல்லை என்பதையும், கண்ணீர் வடிக்கும் முகம் மிகக் கடுமையான வலியையும் குறிக்கும். குழந்தை தன் நிலைக்குப் பொருந்தும் முகத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். ஏறத்தாழ மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இதனைப் பயன்படுத்தலாம். இவ்வளவுகோலைப் பிற அளவுகோல்களுடன் ஒப்பிட்ட இவர்களின் கட்டுரை 1988 இல் பீடியாட்ரிக் நர்சிங் இதழில் வெளியானது. வாங்-பேக்கர் முக அளவுகோல் என்னும் பெயரில் இது இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

நடத்தை அளவுகோல்

பேச இயலாத குழந்தைகளுக்கு முக அளவுகோலும் பயன்படாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான்ட்ரா மெர்க்கலும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய நடத்தை அளவுகோல் 1997 இல் அதே பீடியாட்ரிக் நர்சிங் இதழில் வெளிவந்தது. பிளாக் அளவுகோல் எனப்படும் இது, முகபாவம், கால்களின் நிலை, உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அமைதியடையும் தன்மை ஆகிய ஐந்து கூறுகளைக் கவனிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பு வழங்கப்படும். மொத்த மதிப்பு 0 முதல் 10 வரை இருக்கும்.

இத்தகைய அளவுகோலை இதழ் ஏற்பதற்கு, இரு செவிலியர்கள் ஒரே குழந்தையைத் தனித்தனியே மதிப்பிட்டால் ஏறத்தாழ ஒரே எண் கிடைக்கிறதா என்பதும், வலிநீக்கி கொடுத்த பின் மதிப்பு குறைகிறதா என்பதும் நிறுவப்பட வேண்டும். முன்னது நம்பகத்தன்மை எனவும் பின்னது ஏற்புடைமைக்கான சான்று எனவும் அழைக்கப்படும்.

மருத்துவர்களிடையேயும் இதே காலத்தில் மாற்றம் ஏற்பட்டது. இந்தியாவில் பிறந்த மருத்துவரான கன்வல்ஜீத் ஆனந்த், ஆக்ஸ்போர்டில் உடன் ஆய்வாளர்களுடன் குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 1987 இல் தி லான்செட் இதழில் வெளியிட்டார். அறுவையின்போது போதிய வலிநீக்கி தருவதால் குழந்தையின் உடல் அழுத்த எதிர்வினைகள் குறைகின்றன என்பதை அது காட்டியது.

விரிவாக்கம்

1980 களின் பிற்பகுதியிலிருந்து இத்துறை இதழ்கள் பெருகின. 1987 இல் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக் ஹெல்த் கேர் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் அரச செவிலியர் கல்லூரியின் பதிப்பகம் 1989 இல் பீடியாட்ரிக் நர்சிங் என்ற இதழைத் தொடங்கியது. அமெரிக்க இதழின் பெயரை ஒத்த பெயர் கொண்ட இது வேறு இதழ் ஆகும். 2011 இல் நர்சிங் சில்ட்ரன் அண்ட் யங் பீப்பிள் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1997 இல் ஜர்னல் ஆஃப் சைல்ட் ஹெல்த் கேர் தோன்றியது.

ஆசியாவில் தென் கொரியா குறிப்பிடத்தக்கது ஆகும். அந்நாட்டின் குழந்தை நலச் செவிலியல் கழகம் 1995 முதல் தனக்கென ஆய்விதழ் ஒன்றை நடத்தி வருகிறது. தொடக்கத்தில் கொரிய மொழிக் கட்டுரைகளைத் தாங்கி வந்த இது, பின்னர் சைல்ட் ஹெல்த் நர்சிங் ரிசர்ச் என்னும் பெயரில் ஆங்கிலத்தில் அனைவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழாக மாறியது.

இதழ்களின் எண்ணிக்கை பெருகியபோது தேவையான கட்டுரையைத் தேடிக் கண்டறிவது கடினமாயிற்று. செவிலியல் கட்டுரைகளுக்கான திரட்டு அட்டவணை 1961 இல் அச்சு நூலாக வெளிவந்தது. இன்று சினால் என்னும் பெயரில் மின்தரவுத்தளமாக உள்ளது இதுவே. 1996 இல் தொடங்கப்பட்டு, 1997 முதல் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்ட பப்மெட் தளமும் செவிலியல் இதழ்கள் பலவற்றை அட்டவணைப்படுத்துகிறது. அட்டவணையில் இடம்பெறாத இதழில் வெளிவரும் கட்டுரை, அச்சேறியும் பிறர் கண்ணில் படாமல் போகக்கூடும். ஆகவே புதிய இதழ் ஒன்றின் வளர்ச்சியில், இத்தகைய தரவுத்தளங்களில் சேர்க்கப்படுவது முக்கியப் படிநிலையாகக் கருதப்படுகிறது.

கட்டுரை வெளிவரும் முறை

ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளிவரும் முறை பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. ஆய்வைத் தொடங்கும் முன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெறுதல்.
2. தரவு திரட்டி, பகுப்பாய்வு செய்து, இதழின் விதிகளுக்கு ஏற்பக் கட்டுரை எழுதி அனுப்புதல்.
3. கட்டுரை இதழின் எல்லைக்குள் வருகிறதா என ஆசிரியர் பார்த்தல்.
4. எழுதியவர் பெயரை மறைத்து, துறை வல்லுநர்கள் இருவர் அல்லது மூவரின் மதிப்பீட்டுக்கு அனுப்புதல்.
5. அவர்களின் கருத்துகளுக்கு ஏற்பத் திருத்துதல்.
6. ஏற்கப்பட்ட கட்டுரையை மொழித் திருத்தம் செய்து வெளியிடுதல்.

குழந்தைகளிடம் நடத்தப்படும் ஆய்வுகளுக்குக் கூடுதல் நெறிகள் உள்ளன. குழந்தையால் சட்டப்படி ஒப்புதல் தர இயலாது என்பதால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 7 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளிடம் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வயது வரையிலானோரிடம் எழுத்து வடிவ இசைவும் பெற்றோர் ஒப்புதலுடன் கூடுதலாகப் பெறப்பட வேண்டும்.

இந்தியாவில்

கல்வியும் இதழ்களும்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871 இல் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. 1908 இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. இச்சங்கத்தின் இதழான தி நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா 1910 இல் வெளிவரத் தொடங்கியது. நூறாண்டுகளைக் கடந்த இவ்விதழ் பொதுச் செவிலியல் இதழ் ஆகும். குழந்தை நலம் இதன் பல பொருள்களுள் ஒன்று.

குழந்தை மருத்துவத்துக்கான இந்திய இதழ்கள் மருத்துவர்களால் தொடங்கப்பட்டன. கே. சி. சௌத்ரி 1933 இல் கல்கத்தாவில் இந்தியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ் இதழைத் தொடங்கினார். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழ் 1964 முதல் வெளிவருகிறது.

1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லி செவிலியர் கல்லூரியிலும் இளநிலைப் பட்டப் படிப்புகள் தொடங்கப்பட்டன. செவிலியர் கல்வியை நெறிப்படுத்த இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947 இல் இயற்றப்பட்டது. பட்டப் படிப்புகள் விரிவடைந்த பின்னரே ஆய்விதழ்களும் தோன்றின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரி 2000 முதல் இந்தியன் ஜர்னல் ஆஃப் கண்டின்யூயிங் நர்சிங் எஜுகேஷன் இதழை வெளியிட்டு வருகிறது. சண்டிகரில் உள்ள தேசியச் செவிலியர் கல்வி நிறுவனம் 2005 இல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி ரிசர்ச் ஜர்னல் இதழைத் தொடங்கியது. 2010 களில் இந்தியத் தனியார் பதிப்பகங்கள் குழந்தை நலச் செவிலியலுக்கெனவும் ஆங்கில இதழ்களைத் தொடங்கின.

மதுரைப் பகுதி

தமிழ்நாட்டின் செவிலியர் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இப்பல்கலைக்கழகம் 1988 முதல் இயங்குகிறது. முதுநிலைச் செவிலியல் படிப்பின் சிறப்புப் பாடங்களுள் குழந்தை நலச் செவிலியலும் ஒன்று. இரண்டாண்டுப் படிப்பில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதி அளிக்க வேண்டும்.

மதுரையில் 1954 இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரி, பசுமலையில் உள்ள சி.எஸ்.ஐ. ஜெயராஜ் அன்னபாக்கியம் செவிலியர் கல்லூரி முதலியவற்றின் மாணவர்கள் இத்தகைய ஆய்வேடுகளை எழுதியுள்ளனர். அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தை நல நிலையம் இப்பகுதியில் குழந்தைகளுக்கான முதன்மை அரசு மருத்துவ மையம் ஆகும். மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள மேலூர் போன்ற வட்டத் தலைநகரங்களின் அரசு மருத்துவமனைகளில் இருந்து, உயர் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகள் இங்கு அனுப்பப்படுகின்றனர். இதனால் பெரியாறு பாசனப் பகுதியின் ஊர்களிலிருந்து வரும் உழவர், கூலித் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளையும் தாய்மார்களையும் இவ்வாய்வுகள் சென்றடைகின்றன.

தடுப்பூசி போடும்போது குழந்தையின் கவனத்தைத் திருப்புதல், மூச்சுப் பயிற்சிக்காக நீர்க்குமிழி ஊதச் செய்தல், வயிற்றுப்போக்கின்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்பித்தல், இரத்தசோகை குறித்த விழிப்புணர்வு ஆகியன தமிழ்நாட்டு ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் தலைப்புகள் ஆகும். இவை குறைந்த செலவில், வார்டிலும் வீட்டிலும் உடனே நடைமுறைப்படுத்தத் தக்கவை. பல்கலைக்கழகம் தன்னிடம் அளிக்கப்பட்ட ஆய்வேடுகளை மின்களஞ்சியம் ஒன்றில் பொதுப் பார்வைக்கு வைத்துள்ளது.

சிக்கல்கள்

ஆய்வேட்டிலிருந்து இதழுக்கு

ஆய்வேடு நூறு பக்கங்களுக்கு மேல் நீளும். இதழ்க் கட்டுரை சில ஆயிரம் சொற்களுக்குள் அமைய வேண்டும். படிப்பு முடிந்து பணியில் சேர்ந்த செவிலியருக்கு, இரவுப் பணிக்கும் குடும்பப் பொறுப்புக்கும் இடையே அதனை மாற்றி எழுத நேரம் கிடைப்பது அரிது. மேலும் பல ஆய்வேடுகள் ஒரே குழுவினரை முன்னும் பின்னும் சோதிக்கும் அமைப்பைக் கொண்டவை. ஒப்பீட்டுக் குழு இல்லாதபோது, ஏற்பட்ட முன்னேற்றம் செவிலியரின் செயலால் விளைந்ததா, நாள் செல்லச் செல்லத் தானாக விளைந்ததா என்பதை உறுதியாகக் கூற இயலாது. எனவே முன்னணி இதழ்கள் அவற்றை ஏற்பதில்லை.

தலைப்பிடும் மரபும் ஒரு குறையாக உள்ளது. மதுரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில், தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத்தில் என்று பொதுவாகவே தலைப்புகள் அமைகின்றன. ஒரே பொருளில் வெவ்வேறு கல்லூரிகளில் நடந்த சிறு ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்க்க விரும்புவோருக்கு இது தடையாகிறது. முப்பது, அறுபது குழந்தைகளைக் கொண்ட தனித்தனி ஆய்வுகள் வலுவற்றவையாக இருக்கலாம். ஒரே அளவுகோலையும் ஒரே முறையையும் பின்பற்றிப் பல கல்லூரிகள் இணைந்து நடத்தினால், அவையே வலுவான சான்றாக அமையும். எலண்டின் ஆய்வும் 25 குழந்தைகளைக் கொண்ட முதுநிலை மாணவர் ஒருவரின் முயற்சியிலிருந்தே வளர்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

போலி ஆய்விதழ்கள்

கட்டணம் பெற்றுக்கொண்டு மதிப்பீடு ஏதுமின்றிக் கட்டுரைகளை வெளியிடும் இதழ்கள் போலி ஆய்விதழ்கள் எனப்படுகின்றன. பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் வெளியீடுகளின் எண்ணிக்கை கணக்கிடப்பட்டதால் இத்தகைய இதழ்கள் இந்தியாவில் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன் பின் 2019 இல் கேர் என்னும் புதிய பட்டியலை வெளியிட்டது. 2022 ஆம் ஆண்டு விதிமுறைகளில், முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கைவிடப்பட்டது. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழைத் தெரிவு செய்யும் பொறுப்பு தற்போது கல்வி நிறுவனங்களையும் ஆய்வாளர்களையும் சார்ந்துள்ளது.

குழந்தை நலத் துறையில் இதன் விளைவு கடுமையானது. மதிப்பிடப்படாத கட்டுரை ஒன்றை நம்பி வார்டு நடைமுறை மாற்றப்பட்டால், அதனால் பாதிக்கப்படுவது தன் வலியைக்கூடச் சொல்ல இயலாத குழந்தை ஆகும்.

மொழி

மதுரைப் பகுதியில் தாய்மார்களிடம் கேட்கப்படும் வினாப்படிவங்கள் தமிழில் மொழிபெயர்க்கப்படுகின்றன. அவர்களின் விடைகளும் தமிழிலேயே பெறப்படுகின்றன. ஆனால் ஆய்வேடும் கட்டுரையும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆய்வின் முடிவுகள் மீண்டும் தமிழில் அத்தாய்மார்களையோ கிராமச் சுகாதாரச் செவிலியர்களையோ சென்றடைவதற்கு நிலையான வழி இல்லை. வலி அளவுகோல்களைப் பொறுத்தவரையும் மொழி முக்கியமானது. வலிக்குத் தமிழ்க் குழந்தைகள் வழங்கும் சொற்கள் பல. குத்துது, கடுக்குது, எரியுது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது என்பன ஒன்றல்ல. ஓர் அளவுகோலை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அது தமிழ்க் குழந்தைகளிடம் சரியாக அளக்கிறதா என்பதும் ஆய்வின் மூலம் நிறுவப்பட வேண்டும்.

காலவரிசை

1900 - அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் நர்சிங் தொடக்கம்
1910 - தி நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா தொடக்கம்
1946 - வேலூரிலும் தில்லியிலும் செவிலியல் இளநிலைப் பட்டப் படிப்பு
1952 - நர்சிங் ரிசர்ச் தொடக்கம்
1959 - பிளாட் குழு அறிக்கை
1972 - மெட்டர்னல்-சைல்ட் நர்சிங் ஜர்னல் தொடக்கம்
1975 - பீடியாட்ரிக் நர்சிங் (அமெரிக்கா) தொடக்கம்
1977 - எலண்ட், ஆண்டர்சன் ஆய்வு வெளியீடு
1986 - ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக் நர்சிங் தொடக்கம்
1988 - வாங்-பேக்கர் முக அளவுகோல் கட்டுரை
1995 - கொரியக் குழந்தை நலச் செவிலியல் இதழ் தொடக்கம்
1997 - பிளாக் அளவுகோல் கட்டுரை
2000 - வேலூர் செவிலியர் கல்லூரி இதழ் தொடக்கம்
2005 - சண்டிகர் செவிலியல் ஆய்விதழ் தொடக்கம்
2018 - பல்கலைக்கழக மானியக் குழு 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்குதல்
2025 - கேர் பட்டியல் கைவிடப்படுதல்

இவற்றையும் பார்க்க

செவிலியர்
குழந்தை மருத்துவம்
வலி
ஆய்விதழ்
திறந்த அணுக்கம்
அரசு ராஜாஜி மருத்துவமனை, மதுரை
வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி